அலுவலகங்களில் ஐபி தொலைபேசி: முதலாண்டுத் தேவையைக் கணக்கிடுவது குறித்த கேள்வி-பதில்

கேள்வி: கணினி வலை வழியே குரலை அனுப்பும் புதிய ஐபி தொலைபேசி அமைப்பை அலுவலகங்களுக்கு விற்பதற்காக 200 நிறுவனங்களிடம் விசாரித்தோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் வாங்க விருப்பம் என்றார்கள். இதையே முதலாண்டுத் தேவையாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. விருப்பம் தெரிவிப்பதற்குக் காசு செலவில்லை. அதே 200 நிறுவனங்களிடம், இப்போதுள்ள இபிஏபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) எந்த ஆண்டு வாங்கப்பட்டது, அதன் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் வேறு கட்டடத்துக்கு மாறும் எண்ணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எக்ஸ்சேஞ்ச் பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், எந்த ஓர் ஆண்டிலும் ஏறக்குறைய 20 நிறுவனங்கள்தான் அதை மாற்றும் கட்டத்தில் இருக்கும்; அவற்றிலும் சில பழைய வகையையே மறுபடி வாங்கும்.

சிஸ்கோ 1998-இல் செல்சியஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தையும், த்ரீகாம் 1999-இல் என்பிஎக்ஸ் நிறுவனத்தையும் வாங்கி இத்துறையில் இறங்கிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறுக்கு அஞ்சிய அமெரிக்க நிறுவனங்கள் பல, தங்கள் எக்ஸ்சேஞ்சுகளை அப்போதுதான் புதுப்பித்து முடித்திருந்தன. புதிய தொழில்நுட்பம் எவ்வளவு கவர்ந்தாலும், வாங்கி ஓரிரு ஆண்டே ஆன, தேய்மானக் கணக்கு முடியாத ஒரு பெட்டியைக் கழற்றி வைக்க எந்த நிதி அதிகாரியும் எளிதில் கையெழுத்திட மாட்டார். எனவே தொடக்க காலத் தேவையை நிறுவனங்களின் எண்ணிக்கையில் தேடாமல், இருக்கும் எக்ஸ்சேஞ்சுகளின் வயதில் தேடுங்கள். புதுக் கட்டடங்கள் இதற்கு விதிவிலக்கு: அங்கே கழற்ற எதுவும் இல்லை, கணினிக்கும் தொலைபேசிக்கும் தனித்தனியாகக் கம்பி இழுக்கும் செலவும் மிச்சமாகிறது.

கேள்வி: புதிய பொருள் சந்தையில் பரவும் வேகத்தைக் கணிக்கும் பாஸ் பரவல் மாதிரியைப் பயன்படுத்தலாமா?

பதில்: பிராங்க் பாஸ் 1969-இல் தந்த அந்தச் சமன்பாடு, தாமாகவே வாங்குபவர்களையும் பிறரைப் பார்த்து வாங்குபவர்களையும் பிரித்துக் காட்டுவதால் சிந்திக்க உதவும். ஆனால் அது எண்ணுவது முதல் கொள்முதலை மட்டுமே. நிறுவனமோ பத்துக் கருவிகளை ஒரு துறையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓராண்டு கழித்து 300 கருவிகள் வாங்கும்; அல்லது அந்தப் பத்தோடு நின்றுவிடும். ஆகவே எத்தனை நிறுவனங்கள் என்பதற்கு ஒரு கணக்கும், ஒரு நிறுவனத்துக்கு எத்தனை இணைப்புகள் என்பதற்கு வேறொரு கணக்கும் வையுங்கள். சில மாத விற்பனையை மட்டும் வைத்து அந்த மாதிரியின் எண்களைக் கணிக்க முயல வேண்டாம். உச்சத்தைத் தொடாத விற்பனைத் தரவில் விடை வெகுவாக ஊசலாடும்.

கேள்வி: 100 எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலகத்துக்கு எத்தனை வெளி இணைப்புகளும் எவ்வளவு அலைவரிசையும் தேவைப்படும்?

பதில்: நெரிசலான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக ஆறு நிமிடம் வெளியே பேசினால், மொத்தச் சுமை 10 எர்லாங் (ஒரு வழி ஒரு மணி முழுதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்). நூறில் ஓர் அழைப்புக்கு மேல் இடம் கிடைக்காமல் போகக் கூடாது என்றால், எர்லாங் பி அட்டவணைப்படி 18 வழிகள் வேண்டும். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில், 20 மில்லி விநாடிக்கு ஒரு தரவுப் பொட்டலம் வீதம், அதன் முகவரி முதலிய தலைப்புகளையும் சேர்த்து ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு 80 கிலோபிட். 18 அழைப்புகளுக்கு 1,440 கிலோபிட். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 என்றால் அழைப்புக்கு 24, மொத்தம் 432. இவை ஈதர்நெட் (அலுவலகத்தின் உள் வலை) சுமையைச் சேர்க்காத எண்கள். விற்பனைப் பிரதிநிதிகள் ஜி.729-இல் குரலுக்குரிய 8 கிலோபிட்டை மட்டும் சொல்லித் தலைப்புச் சுமையை விழுங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பின்னால் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும்போது பழி கருவியின்மேல் விழும்.

வாடிக்கையாளரின் பிணையச் சுவிட்சுகளையும் (கருவிகளை வலையில் இணைக்கும் பெட்டிகள்) பாருங்கள். பிணையக் கம்பி வழியே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் தரம் வந்தது 2003-இல்தான். அதற்கு முந்தைய சுவிட்சுகள் உள்ள இடத்தில், தொலைபேசியின் விலையோடு ஒவ்வொரு மேசைக்கும் ஓர் அடாப்டரோ புதிய சுவிட்சோ சேர்ந்து, ஒப்புக்கொண்ட மதிப்பீட்டைத் தாண்டிவிடும்.

கேள்வி: வெளிநாட்டு வளர்ச்சி விகிதத்தை இந்தியாவுக்குப் பொருத்தலாமா?

பதில்: விதிமுறைகளைப் படிக்காமல் பொருத்த முடியாது. இந்தியாவில் 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தபோதும், இணைய அழைப்பை உள்நாட்டுப் பொதுத் தொலைபேசி வலையோடு இணைப்பதற்குத் தடை நீடித்தது. ஒரே எக்ஸ்சேஞ்சில் இரண்டும் இருந்தால் அவை ஒன்றோடொன்று கலக்காதபடி தருக்கரீதியாக (அமைப்பு விதிகளால்) பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அழைப்பு மையங்கள் போன்ற பெரும் வாடிக்கையாளர்களுக்கு இந்த நிபந்தனைகள் பெருமளவில் தளர்ந்தது 2021-இல்தான். கருவியின் கவர்ச்சிகளில் பாதியைச் சட்டம் முடக்கியிருந்த சந்தைக்கு, அத்தடை இல்லாத சந்தையின் விகிதம் எப்படிப் பொருந்தும்?

கேள்வி: விநியோகஸ்தர்களுக்கு அனுப்பிய எண்ணிக்கையைத் தேவை எனலாமா?

பதில்: இல்லை. கிடங்கில் இருப்பதும், சோதனைக்கு இலவசமாகக் கொடுத்ததும் சரக்கு நகர்வு மட்டுமே. சர்வரில் பதிவாகி, வாரம் ஒருமுறையாவது அழைப்பு சென்ற கருவிகளை மட்டும் எண்ணுங்கள்.