அடுத்தவர் திரையில் உங்கள் வட்டம்

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளையும் கிணறுகளையும் காட்டும் வரைபடத் தளம் ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "படத்தை வரைந்து தருவது மேப்சர்வர் என்ற சர்வர் மென்பொருள். பயனர் ஓரிடத்தில் கிளிக் செய்து 2 கி.மீ. என்று கொடுத்தால், எங்கள் பிஎச்பி ஸ்கிரிப்ட் அந்த வட்டத்தை மேப்ஃபைலில் (எதை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் கோப்பில்) ஒரு லேயராக, அதாவது ஓர் அடுக்காக, எழுதிவிட்டுப் படத்தைத் திரும்ப வரவழைக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் போட்ட வட்டம் மற்றவர் திரையில் வந்துவிடுகிறது. இன்னொன்று, என் லேப்டாப்பில் சரியாக விழும் வட்டம், அலுவலகத்தின் அகலமான மானிட்டரில் தள்ளி விழுகிறது. வட்டத்துக்குள் எத்தனை கிணறு என்ற எண்ணிக்கையும் வேண்டும், அச்சுப் பிரதியும் வேண்டும். எங்கே தவறு?"

முதல் சிக்கலுக்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மேப்ஃபைல் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே கோப்பு. அதில் ஒருவருடைய வட்டத்தை எழுதுவது, ஊர்ப் பொதுச் சுவரில் வீட்டுக் கணக்கை எழுதுவது மாதிரி. அடுத்து வருகிறவர் அதைப் படிப்பார், அல்லது அதன் மேலேயே எழுதுவார். இரண்டு பேரும் ஒரே நொடியில் எழுதினால் கோப்பு பாதியில் அறுந்து, யாருக்கும் படம் வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. பயனருக்கு ஒரு தற்காலிக மேப்ஃபைல் என்று பிரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் ஆறு மாதத்தில் சர்வரில் அநாதைக் கோப்புகள் குவிந்து கிடக்கும்.

சர்வரில்தான் வரைய வேண்டும் என்றால், மேப்சர்வரை நிரல் வழியாக இயக்க உதவும் மேப்ஸ்கிரிப்டைப் பயன்படுத்துங்கள். மேப்ஃபைலை நினைவகத்தில் ஏற்றி, அங்கேயே ஒரு லேயரில் வடிவத்தைச் சேர்த்து, படத்தை வரைந்து அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிடலாம். வட்டில் இருக்கும் கோப்பை யாரும் தொடுவதில்லை. பிஎச்பியிலேயே இது முடியும், பைத்தானிலும் முடியும்.

ஆனால் இந்த வட்டத்தைச் சர்வர் ஏன் வரைய வேண்டும்? ஏரிகளும் கிணறுகளும் எல்லோருக்கும் ஒன்றே, அதைச் சர்வர் வரையட்டும். வட்டம் அந்த ஒரு பயனருடையது, அடுத்த நிமிடம் அவரே அதை மாற்றுவார். அதைப் பிரவுசர் வரையட்டும். இரண்டையும் ஒரே படத்தில் குழைத்தால், 2 கி.மீ.யை 3 கி.மீ. ஆக்கும் ஒவ்வொரு முறையும் ஏரிகள் எல்லாம் மறுபடி வரையப்பட வேண்டும். ஒருமுறை வரைந்த படத்தைச் சேமித்து மறுபடி தரும் கேஷ் வைத்தும் பயனில்லை, ஒவ்வொருவர் படமும் வேறு வேறாக இருக்கும். மாறாதது கீழே, மாறுவது மேலே: இந்த ஒரு முடிவை எடுத்தால் உங்கள் முதல் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேலே வரைய வேண்டுமானால், பிக்சலுக்கும் நிலத்துக்கும் உள்ள கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது சிக்கல் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உங்கள் படம் யூடிஎம் என்ற, இடத்தை மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்தில், அதாவது இபிஎஸ்ஜி என்ற ஆயமுறைப் பட்டியலின் 32644-ஆம் எண்ணில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்கு அதுதான் சரியான மண்டலம். கிழக்கு மதிப்பு 4,00,000 முதல் 4,40,000 வரை, வடக்கு மதிப்பு 14,30,000 முதல் 14,60,000 வரை. 40 கி.மீ. அகலம், 30 கி.மீ. உயரம். லேப்டாப்பில் 800-க்கு 600 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 50 மீட்டர். இடமிருந்து 300, மேலிருந்து 200 என்ற பிக்சலில் கிளிக் செய்தால் கிழக்கு 4,00,000 + 15,000 = 4,15,000. வடக்கு 14,60,000 − 10,000 = 14,50,000. வடக்கைக் கழிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். பிக்சல் மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது, நிலமோ கீழிருந்து மேலே. இதை மறந்தால் வட்டம் தலைகீழாக விழும், யாருக்கும் உடனே தெரிந்துவிடும். உங்களுடையது அந்த வகை இல்லை.

அகலமான மானிட்டரில் படம் 1,000-க்கு 600 ஆகிறது என்று வைப்போம். நீங்கள் கேட்பது அதே 40-க்கு 30 கி.மீ. நிலம், படச் சட்டமோ 5-க்கு 3 விகிதம். மேப்சர்வரின் சிஜிஐ (யூஆர்எல்லில் கேட்டால் படம் தரும் அதன் சொந்த வழி) படத்தை இழுத்து நீட்டுவதில்லை. பிக்சல் சதுரமாகவே இருக்க வேண்டும் என்று, நிலத்தின் எல்லையைத் தானே விரித்துக்கொள்கிறது. உயரத்தில் பிக்சலுக்கு 50 மீட்டர் என்பதால் அகலம் 50 கி.மீ. ஆகிறது, இடது எல்லை 3,95,000-க்கு நகர்கிறது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. அது பழைய எல்லையை வைத்து, பிக்சலுக்கு 40 மீட்டர் என்று கணக்குப் போடுகிறது. அதே 300-ஆவது பிக்சலில் கிளிக் செய்தால் அதற்குக் கிடைப்பது 4,12,000. உண்மையில் அந்த இடம் 4,10,000. ஆக, வட்டத்தின் மையம் 40 பிக்சல் வலப்பக்கம் தள்ளி, 340-இல் விழும். 2 கி.மீ. வட்டத்தின் ஆரமும் 40 பிக்சல்தான் என்பதால், கிளிக் செய்த இடம் சரியாக வட்டத்தின் விளிம்பில் நிற்கும்.

இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. படத்தின் நட்ட நடுவில் கிளிக் செய்து பாருங்கள், சரியாக விழும். ஓரத்துக்குப் போகப் போகப் பிழை வளரும், அதுவும் எப்போதும் நடுவை நோக்கியே தள்ளும். இடது விளிம்பில் 5 கி.மீ. வரை போகும். உங்கள் மானிட்டரில் இப்படித்தான் நடக்கிறதா என்று பார்த்துவிட்டால் நோய் உறுதியாகிவிடும். மருந்து ஒன்றுதான்: நீங்கள் கேட்ட எல்லையை நம்பாமல், மேப்சர்வர் வரைந்து முடித்தபின் தரும் எல்லையை எடுத்துக் கணக்குப் போடுங்கள். சிஜிஐ டெம்ப்ளேட்டில் மேப்எக்ஸ்ட் என்ற குறி அதைத் தருகிறது, மேப்ஸ்கிரிப்டில் மேப் பொருளின் எக்ஸ்டென்ட் தருகிறது. டபிள்யூஎம்எஸ் என்ற, வரைபடங்களை இணையத்தில் கேட்டு வாங்குவதற்கான பொது நெறிமுறை வழியாகப் படம் கேட்டால் கதை வேறு. அங்கே கேட்ட எல்லை அப்படியே மதிக்கப்படும், தேவைப்பட்டால் படம்தான் நீளும். சிஜிஐயும் டபிள்யூஎம்எஸ்ஸும் ஒரே மென்பொருள் என்பதால் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

உண்மையைச் சொன்னால், 2026-இல் இந்தக் கணக்கை நீங்கள் கையால் போட வேண்டியதே இல்லை. மேப்ஃபைலில் டபிள்யூஎம்எஸ்ஸைத் திறந்துவிட்டு, இணையப் பக்கத்தில், பிரவுசரில் வரைபடம் காட்டும் நூலகங்களான ஓப்பன்லேயர்ஸ் அல்லது லீஃப்லெட் வைத்தால் அது பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலைக்கு நான் ஓப்பன்லேயர்ஸைச் சொல்வேன். லீஃப்லெட் இலகுவானது, ஆனால் டபிள்யூஎம்எஸ் படத்தை வழக்கமாக 256 பிக்சல் ஓடுகளாக, அதாவது சிறு சதுரத் துண்டுகளாக, வெட்டிக் கேட்கும். ஓடு ஓடாக வரையும்போது ஏரிப் பெயர்கள் படாத பாடு படும்: செம்பரம்பாக்கம் நான்கு ஓடுகளில் விழுந்தால் பெயர் நான்கு முறை வரும், அல்லது விளிம்பில் 'செம்பரம்' என்று அறுந்து நிற்கும். ஓப்பன்லேயர்ஸில் முழுத் திரையையும் ஒரே படமாகக் கேட்கும் வசதி இருக்கிறது. ஆயமுறைகளுக்கு இடையே மாற்றித் தரும் ப்ரோஜ்4 நூலகத்தைச் சேர்த்தால் இபிஎஸ்ஜி 32644-லேயே வரைபடத்தை ஓட்டவும் முடியும்.

அந்த யூடிஎம் விஷயம் வட்டத்துக்கும் நல்லது. இணைய வரைபடங்கள் வழக்கமாக ஓடும் வெப் மெர்க்கேட்டரில், அதாவது இபிஎஸ்ஜி 3857-இல், ஒரு மீட்டர் என்பது பூமியில் ஒரு மீட்டர் இல்லை. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக அது நீண்டுகொண்டே போகும். சென்னை 13.08 பாகையில் இருக்கிறது, அங்கே நீட்சி ஏறக்குறைய 2.7 சதவீதம். ஆரம் 2,000 என்று நேரடியாகக் கொடுத்தால் நிலத்தில் கிடைப்பது சுமார் 1,948 மீட்டர்தான். 52 மீட்டர் தொலைந்துபோகும், அதற்குள் ஒரு கிணறு இருந்தால் அதுவும் போகும். ஹெல்சிங்கியில் இதே தவறைச் செய்தால் வட்டத்தின் ஆரம் பாதியாகிவிடும் என்பதால் அங்கே உடனே கண்ணில் படும். நம் ஊரில் கண்ணில் படாது, அதனால்தான் இங்கே ஆபத்து கூடுதல். யூடிஎம்மில் இதே 2 கி.மீ.க்கு வரும் பிழை ஒரு மீட்டருக்கும் குறைவு. லீஃப்லெட்டுக்குப் போவதாக இருந்தால், மீட்டரில் ஆரம் வாங்கும் சர்க்கிளையே எடுங்கள். சர்க்கிள்மார்க்கர் பிக்சலில் ஆரம் வாங்குவது. ஜூம் செய்தாலும் திரையில் அதே அளவில்தான் நிற்கும்.

அட்சம், தீர்க்கம் எது முதலில் என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். லீஃப்லெட்டில் அட்சம் முதலில், வரைபட வடிவங்களை எழுதி அனுப்பும் ஜியோஜேசன் முறையில் தீர்க்கம் முதலில். அட்ச, தீர்க்கப் பாகைகளில் அளக்கும் இபிஎஸ்ஜி 4326-க்கு டபிள்யூஎம்எஸ் 1.1.1 தீர்க்கத்தை முதலில் வாங்கும், 1.3.0 அட்சத்தை முதலில் வாங்கும். 13.08, 80.27 என்ற சென்னையைத் திருப்பிப் போட்டால் வட்டம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். வட்டமே வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

சரி, கிணற்று எண்ணிக்கை. திரையில் வரைந்த வடிவத்தைச் சர்வருக்கு அனுப்பி, இதற்குள் எத்தனை என்று கேட்காதீர்கள். ஜியோஜேசனில் வட்டம் என்ற வகையே கிடையாது. மையத்தையும் ஆரத்தையும் மட்டும் அனுப்புங்கள், மூன்று எண்கள் போதும். கிணறுகள் இடத் தரவுகளுக்கான தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இருந்தால் எஸ்டி டிவித்தின் என்ற சார்பு, இத்தனை மீட்டருக்குள் இருப்பவை எவை என்று நேரடியாகச் சொல்லும், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையும் பயன்படுத்திக்கொள்ளும். பலர் முதலில் எஸ்டி பஃபர் போட்டு வட்டம் செய்து, அதற்குள் தேடுவார்கள். பஃபர் தருவது வட்டம் இல்லை, இயல்பாக 32 முனை கொண்ட பலகோணம். முனைகளுக்கு நடுவே அது உண்மை வட்டத்தைவிட உள்ளே வாங்கியிருக்கும், 2 கி.மீ. ஆரத்துக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர்.

பஃபரில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். தரவு 4326-இல், எல்லாவற்றையும் தட்டையான தளமாகக் கணக்கிடும் ஜியோமெட்ரி வகையாக இருந்தது, நான் பஃபருக்கு 2,000 என்று கொடுத்தேன். அந்த வகையில் அது மீட்டர் இல்லை, பாகை. உலகத்தையே விழுங்கிய ஒரு பலகோணம் வந்து, வரைபடம் முழுக்க ஒரே நீலம். அரை நாள் வண்ண அமைப்பில் தவறு தேடிக்கொண்டிருந்தேன். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஜியோகிராஃபி வகைக்கு மாற்றிக் கொடுத்தால் எண் மீட்டராக எடுத்துக்கொள்ளப்படும். டிவித்தினுக்கும் இதுவே பொருந்தும்.

பயனர் தட்டிய எண்ணை எஸ்கியூஎல்லில் அப்படியே ஒட்ட வேண்டாம், பாராமீட்டராக அனுப்புங்கள். யூஆர்எல் வழியாக மேப்ஃபைலுக்குள் மதிப்பைச் செலுத்துவதாக இருந்தால், லேயரில் வேலிடேஷன் பகுதி எழுதி, எண்ணும் புள்ளியும் தவிர வேறெதுவும் நுழையாதபடி கட்டுங்கள்.

அச்சுப் பிரதிக்கு மட்டும் மறுபடி சர்வருக்கு வர வேண்டும். பிரவுசரின் கேன்வாஸைப் படமாகச் சேமிக்கலாமே என்று தோன்றும். வரைபடம் வேறு டொமைனிலிருந்து வந்து, அந்தச் சர்வர் கார்ஸ் என்ற, வேறு டொமைன்களுக்கான அனுமதியைத் தராவிட்டால் பிரவுசர் சேமிக்க விடாது. விட்டாலும் கிடைப்பது திரைத் தெளிவுதான், ஏ3 தாளில் மங்கிவிடும். அதனால் அச்சு பொத்தானை அழுத்தும்போது, அந்த மூன்று எண்களோடு இப்போது திரையில் தெரியும் எல்லையையும் மேப்ஸ்கிரிப்டுக்கு அனுப்புங்கள். அது நினைவகத்தில் வட்டத்தைச் சேர்த்து, பெரிய படமாக வரைந்து தரட்டும். தாளின் விகிதம் திரையின் விகிதமாக இருக்காது, எல்லை மறுபடி விரியும். அளவுகோலை விரிந்த எல்லையை வைத்தே போடுங்கள்.