தாலி முதலில், காதல் அப்புறம்: சீரியல் ஜோடிகள் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

மதுரை செல்லூரில் ஜாக்கெட் தைக்கிறேன். 1999-இல் 'சித்தி' ஓடிய நாளிலிருந்து என் மிஷினுக்கு எதிரே டிவி இருக்கிறது. கண் துணியில், காது சீரியலில். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு ஜாக்கெட்டோடு ஒரு சந்தேகத்தையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். "அக்கா, அவன் அவளைக் கட்டுவானா மாட்டானா?" இந்தத் தடவை எல்லாவற்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். சீட்டுக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. சில கேள்விகளில் சொந்தக் கதையும் சேர்ந்து இருக்கிறது.

கேள்வி (திருமங்கலத்துத் தங்கச்சி, நர்சிங் படிக்கிறவர்): அக்கா, கதிர்–முல்லையா, முத்து–மீனாவா? ஹாஸ்டலில் இதனால் ரெண்டு ரூம் பேச்சுவார்த்தை இல்லை.

ரெண்டு ஜோடிக்கும் ஜாதகம் ஒன்றுதான், கவனித்தாயா? 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லை, கதிரின் அண்ணன் ஜீவாவுக்குப் பேசி வைத்த பெண். ஜீவா மனசில் வேறொரு பெண், அவள் பெயரும் மீனாதான். கடைசியில் முல்லை கழுத்தில் கதிர் தாலி கட்டினான். 'சிறகடிக்க ஆசை'யில் மீனா, முத்துவின் அண்ணன் மனோஜுக்குப் பார்த்த பெண். அவன் ஓடிப்போனான், முத்து கட்டினான். ரெண்டு பேருமே மாற்று மாப்பிள்ளைகள்.

நான் முதலில் கதிர் கட்சி. 2018-இல் அது தொடங்கியபோது ராத்திரி அந்த நேரத்துக்குக் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஏனென்றால் ஒரு நாள் கதிர் முல்லையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் ஒரு பட்டு ஜாக்கெட்டின் முன்கழுத்தைப் பின்கழுத்து இறக்கத்துக்கு வெட்டிவிட்டேன். துணிக்காசு நான்தான் கொடுத்தேன். முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் போய்ச் சேர்ந்த பிறகு காவ்யா வந்தார், அப்புறம் லாவண்யா. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கதிர் மூன்று தடவை முதலிலிருந்து காதலிக்க வேண்டியதாகிவிட்டது. பார்க்கிற நமக்கும் அப்படித்தான்.

முத்துவிடம் எனக்குப் பிடித்தது வேறு. அவன் டாக்சி ஓட்டுகிறவன், பெற்ற தாய்க்கே ஆகாத பிள்ளை, ஆரம்பத்தில் குடிகாரன் என்ற பெயர் வேறு. பூக்கட்டுகிறவள் என்று மீனாவை அந்த வீட்டில் மட்டமாகப் பேசும்போது அவன் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. தப்பாகவாவது பேசிவிடுவான். பூக்கட்டுவது மட்டமா? மார்கழியில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி என்ன விலை போகிறது என்று அந்த மாமியார் விஜயா அத்தையைக் கேட்டுப்பார்க்கச் சொல். ஆகவே இன்றைய தேதிக்கு என் ஓட்டு முத்து–மீனாவுக்கு. கதிர்–முல்லைக்கு ஒரு பெருமூச்சு.

கேள்வி (புதுசாகக் கல்யாணமான பெண், ஊர் வேண்டாம்): 'மெட்டி ஒலி'யை மறுபடி பார்க்கிறேன். மாணிக்கம் கெட்டவனா இல்லையா என்று புரியவில்லை அக்கா. என் வீட்டுக்காரரும் கொஞ்சம் அந்த மாதிரி.

'மெட்டி ஒலி' 2002-இல் வந்தது. சிதம்பரம் என்ற ஒரு அப்பா, அவருக்கு அஞ்சு பெண்கள். அதில் சரோ வாழப்போன இடம்தான் மாணிக்கம் வீடு. மாமியார் ராஜம். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் ராஜத்தைத் திட்டாத பெண்ணே கிடையாது. நானும் திட்டினேன். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது ராஜத்தின் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதைச் சத்தம் போட்டுக் கேட்டார். மாணிக்கம் மேல்தான் கோபம் கூடியிருக்கிறது. அம்மா சொன்னால் அம்மா பக்கம். ராத்திரி அறைக்குள் வந்தால் கொஞ்சம் மனசு இளகும். காலையில் காபித் தம்ளர் கையில் வந்ததும் மறுபடி அம்மா பக்கம். சரோ எந்த மாணிக்கத்தை நம்புவாள்?

சீரியல் ஆம்பளைகளை நான் அளப்பது ஒரே டேப்பில்தான். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் இவன் பெண்டாட்டியைப் பேசக்கூடாததைப் பேசுகிறார், அந்த நேரத்தில் இவன் வாய் திறக்கிறானா? மாடியில் போய் ரகசியமாகச் சமாதானம் பண்ணுவது, வரும்போது அல்வாவும் பூவும் வாங்கி வருவது, இதெல்லாம் கணக்கில் சேராது. உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொல்லக்கூடாது தங்கம். அவர் எப்போது வாய் திறக்கிறார் என்று நீயே பார்த்துக்கொள்.

கேள்வி (ஆட்டோ ஓட்டும் தம்பி): மதுரைக்காரன் என்றாலே ஆதி குணசேகரன்தான் என்று வெளியூரில் நினைக்கிறாய்ங்க. நம்ம ஊர் ஆம்பளைகளுக்குக் காதலே தெரியாதா அக்கா?

'எதிர்நீச்சல்' 2022-இல் தொடங்கியதிலிருந்து எனக்கும் இந்தக் குறை உண்டு தம்பி. கதை நடப்பது நம்ம ஊர். ஆதி குணசேகரன் அதட்டி ஆள்கிற ஒரு வீட்டுக்குள் நாலு மருமகள்கள், ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. நாலும் படித்த, விவரம் தெரிந்த பெண்கள், எல்லாரும் அடுப்படியில். குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனிப் பக்கத்துக்காரர். அதனால் அந்த அதட்டல் நடிப்பு மாதிரியே தெரியவில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் அச்சு அசல் அப்படித்தான் துண்டை உதறுவார். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசப்போன இடத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். திட்டித் திட்டிப் பார்த்த பொம்பளைகள் எல்லாம் அன்றைக்கு அழுதோம். அப்புறம் பெருநாழிக்காரர், எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார்.

காதல் பற்றிக் கேட்டாய். அந்த வீட்டில் காதலிக்கத் தைரியம் இருந்தது குணசேகரனின் தங்கை ஆதிரைக்குத்தான். அவள் விரும்பியது அருணை, கட்டிவைத்தது கரிகாலனுக்கு. கரிகாலன் பேச ஆரம்பித்தாலே கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று உறுத்தும். ஒரு பெண்ணை இஷ்டமில்லாமல் கட்டிவைத்த கொடுமையை நமக்குக் காமெடியாகத் தின்னக் கொடுத்துவிட்டார்கள். ஆதிரை கதையில் எனக்கு மாப்பிள்ளை யார் என்பதே முக்கியமில்லை. அவளை ஒரு தடவையாவது யாராவது "உனக்கு யாரம்மா வேண்டும்?" என்று கேட்டிருக்கலாம்.

நம்ம ஊர் ஆம்பளைகளுக்குக் காதல் தெரியும் தம்பி. வெளியே காட்டத்தான் கூச்சம். நீயே ஆட்டோ பின்னால் மகள் பெயரை எழுதியிருக்கிறாய், பெண்டாட்டி பெயரை எழுதவில்லை.

கேள்வி (வில்லாபுரம் அத்தை): 'கோலங்கள்' அபிக்கும் தொல்காப்பியனுக்கும் இடையில் இருந்தது நட்புதானா? ஆறு வருஷம் பார்த்தேன். செத்தால்கூட இந்தச் சந்தேகம் தீராது போல.

அத்தை, ஆயுசு நூறு. 2003-லிருந்து 2009 வரை தமிழ்நாடே இதைத்தான் பேசியது. புருஷன் பாஸ்கர் சரியில்லை, பக்கத்தில் பத்தரைமாற்றுத் தங்கமாக ஒரு தோழர். நாமெல்லாம் மனசுக்குள் அவர்களுக்குப் பத்திரிகையே அடித்துவிட்டோம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தொல்காப்பியனாக நடித்தவர் அந்த சீரியலின் இயக்குநர் திருச்செல்வமேதான். பிறகு அவரே 'எதிர்நீச்சல்' எடுத்தார், அதில் ஜீவானந்தமாக வந்தார். அந்த ஜீவானந்தமும் ஒரு காலத்தில் ஈஸ்வரியை விரும்பியவர், வாயைத் திறந்து உரிமை கொண்டாடாமல் தள்ளி நின்று உதவுகிறவர். கதையில் இருக்கிற மற்ற ஆம்பளைகள் எல்லாம் பிடுங்குகிறவர்கள், இவர் மட்டும் கேட்காமல் கொடுக்கிறவர். நல்ல இடத்தைத் தனக்கே எடுத்து வைத்துக்கொண்டார் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் உண்மையாகச் சொன்னால், ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு நின்றால் ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஊரில், அபி எந்தக் கூச்சமும் இல்லாமல் "தொல்ஸ்" என்று கூப்பிட்டது பெரிய விஷயம். நட்புதான் அத்தை. காதலாக இருந்திருந்தால் நமக்கு ஆறே மாசத்தில் சலித்திருக்கும்.

கேள்வி (பிளஸ் டூ முடித்த தம்பி): 'பாரதி கண்ணம்மா'வில் பிள்ளை தன்னுடையதா என்று பெண்டாட்டியைச் சந்தேகப்பட்ட பாரதி ஒரு டாக்டர். முதல் வாரமே டிஎன்ஏ டெஸ்ட் எடுத்திருந்தால் என்ன?

இரண்டாவது வாரம் நம் எல்லாருக்கும் வேலை இருந்திருக்காது.

கேள்வி (சிம்மக்கல் மதினி): கோபி விஷயத்தில் ராதிகாவை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்? எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வருகிறது. தப்பா?

தப்பே இல்லை மதினி. 'பாக்கியலட்சுமி'யில் ராதிகா கோபியின் கல்லூரிக் காலத்துக் காதலி. அவன் பெண்டாட்டி பாக்யாவின் சிநேகிதியாகவும் ஆகிறாள். அந்த பாக்யாவின் புருஷன்தான் தன் கோபி என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தவன் கோபி ஒருத்தன்தான். இரண்டு வீட்டுக்கும் இடையில் வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்ததும் அவன்தான். கடையில் அந்த நேரம் கோபி திருட்டு முழி முழித்தால் எல்லாரும் கைதட்டிச் சிரிப்பார்கள். ராதிகா வாய் திறந்தால் "இவளுக்கு எவ்வளவு திமிர்" என்பார்கள். புளுகினவனுக்குச் சிரிப்பு, நம்பினவளுக்குத் திட்டு. இதைச் சொன்னதற்கு ஒரு வாடிக்கையாளர் ரெண்டு மாசம் கடைப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு வந்துவிட்டார், வேறு யார் அந்த விலைக்கு லைனிங் வைத்துத் தைப்பார்கள்?

அந்தக் கதை நம்ம ஊரில் பிறந்ததும் இல்லை. வங்காளத்து 'ஸ்ரீமோயி'யிலிருந்து வந்தது. ஹிந்தியில் அதுவே 'அனுபமா'. அங்கே எல்லாம் ஒரு கோபி உண்டு.

கேள்வி (காலேஜ் தங்கச்சி): ஏன் எல்லா சீரியலிலும் கட்டாயக் கல்யாணம், அப்புறம் காதல்? நேராகக் காதலித்துக் கட்டினால் டிஆர்பி வராதா?

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். வாரா வாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வரும். கல்யாண வாரம் என்றால் அது ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கல்யாணத்தை ரெண்டு வாரம் பந்தக்கால் நட்டு இழுக்கிறார்கள். ஆனால் முக்கியக் காரணம் ரேட்டிங் இல்லை, நம்ம கூடம்தான். மாமியார், மருமகள், கொழுந்தன், வயசுப் பெண், எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு பையன் பெண் கையைப் பிடித்தால் அப்பா தொண்டையைச் செருமுவார். தாலி கட்டிவிட்டால் அதே கையைப் பிடிக்கும்போது பாட்டிகூடச் சிரிக்கிறாள். அனுமதிச் சீட்டு முதலில் கிழித்துவிடுகிறார்கள், அப்புறம் மெதுவாகக் காதலைக் காட்டுகிறார்கள். 'ரோஜா'வில் ஒப்பந்தக் கல்யாணம், 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஏமாந்துபோன ராஜிக்கு இன்னொரு கதிர், எல்லாம் இந்தக் கணக்கே.

இதில் எனக்கு ஒரு சிரிப்பு. சீரியலில் "நிறுத்துங்க!" என்று கத்துகிறவர் தாலி கழுத்துக்கு அரை அடி தூரத்தில் இருக்கும்போது டாண் என்று வந்து சேருவார். கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போனவர் நம்ம அழகர் ஒருத்தர்தான். மாமதுரையின் அந்த ஒரு கல்யாணத்தைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை.

கேள்வி (அனுப்பானடித் தம்பி): 'சரவணன் மீனாட்சி'யில் எந்த சீசன்?

முதல் சீசன், 2011. செந்திலும் ஸ்ரீஜாவும். அதற்கு முன்பே இருவரும் விஜய் டிவியில் 'மதுரை' என்ற சீரியலில் ஜோடியாக வந்தவர்கள். 2014-இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். ரெண்டாம் சீசன் வேட்டையன் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கவினும் ரச்சிதாவும் அழகுதான். ஆனால் அந்த வருஷங்களில் ரச்சிதா சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் என்று போட்டோவைக் காட்டி என் உயிரை எடுத்தார்கள். ரெண்டாம் சீசன் என்றாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

கேள்வி (பழங்காநத்தத்து அக்கா): கடைசியாக ஒன்று. ரோகிணியை நீ மட்டும் ஏன் தாங்கிப் பேசுகிறாய்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் அக்கா. 'சிறகடிக்க ஆசை' ரோகிணி செய்தது மோசடிதான். பெயர் பொய், மலேசியாக்காரப் பணக்கார அப்பா பொய், பெற்ற பிள்ளை கிரிஷை மறைத்தது பெரிய பொய். மீனாவுக்கு அவள் செய்த கெடுதலை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தை இருக்கிறது, பணம் இல்லை என்ற உண்மையோடு அவள் பெண் பார்க்க உட்கார்ந்திருந்தால் விஜயா வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற விட்டிருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் மரியாதை கிடைத்தது ரோகிணிக்கு இல்லை, அவள் சொன்ன மலேசியாவுக்கு. மனோஜும் கட்டியது அந்த மலேசியாவைத்தான்.

போன வருஷம் ஒரு பெண் என்னிடம் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். ரெண்டாம் கல்யாணம். துணியை அளந்துகொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, முதல் கல்யாணமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றாள். சரி என்றேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் ரோகிணி மாட்டிக்கொள்ளப்போகிறாள் என்று கடையே கொண்டாடியபோது நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். வசனம் ஒன்றும் காதில் விழவில்லை.

மிச்சச் சீட்டுகள் டப்பாவில் இருக்கின்றன. இப்போது ஏழு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்க வேண்டும், நாளைக்கு முகூர்த்தம்.