வீட்டு வேலைக்குப் போற அக்காமாரு கேட்ட கேள்விகளுக்கு பதில்

வீட்டு வேலை பத்தி நீங்க அனுப்பின கேள்விகளுக்கு எல்லாம் சேத்து பதில் சொல்லுதேன், யாரு பேரும் போடல.

தக்கலையில இருந்து: ரெண்டு மாச சம்பளம் தராம நிறுத்திட்டாங்க அக்கா. எழுத்துல ஒண்ணும் இல்ல, கேஸ் நிக்குமா?

நிக்கும் பிள்ளே. வீட்டு வேலைக்கு எவனும் ஆர்டர் அடிச்சு தரமாட்டான், அதனால வேலை பாத்ததுக்கு ஆதாரம் நாம தான் சேக்கணும், ஜிபேல சம்பளம் வந்த மெசேஜ், "நாளைக்கு வெள்ளன வந்துரு"ன்னு அந்த அம்மா அனுப்பின வாய்ஸ், அடுக்களை காலண்டர்ல பால் கணக்கு பக்கத்துல உன் லீவுக்கு போட்ட வட்டம், எல்லாத்தையும் இன்னைக்கே போன்ல எடுத்து வை. மனு எழுதி நாகர்கோவில் தொழிலாளர் துறை ஆபீஸ்ல குடு, நகல்ல சீல் வாங்காம வராத. 2018 தமிழ்நாடு அரசாணையிலயே சாதாரண வீட்டு வேலைக்கு குறைஞ்சது மணிக்கு 37 ரூபான்னு வச்சாங்க. அதுவே ரொம்ப கம்மி, அதுலயும் கீழ குடுக்குத வீடுங்க இருக்கு, மனசு கொதிக்குது. வக்கீல் பீஸ நெனச்சு பயப்படாத, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அடி.

வாரியத்துல பதிஞ்சா என்ன கிடைக்கும்?

வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல வந்தது. 18 முதல் 60 வயசு வரை பதியலாம். பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்துக்கு உதவி, 60க்கு மேல பென்ஷன். பதிவ புதுப்பிக்க மட்டும் மறந்துராதீங்க.

மார்த்தாண்டம்: செயின காணல, நான் தான் எடுத்தேன்னு ரூம்ல பூட்டி வச்சு சேலைய அவுத்து பாத்தாங்க. இப்ப ஸ்டேஷனுக்கு கூப்பிடுதாங்க.

அக்கா, நீங்க பட்டது எவ்வளவு பெரிய அவமானம்னு புரியுது. பூட்டி வச்சதும் குத்தம், துணிய அவுத்ததும் குத்தம், ரெண்டுக்கும் நீங்களே புகார் குடுக்கலாம், குடுக்கணும். செயின் காணலன்னா அவங்க போலீஸ்ல சொல்லணும், சோதனை போட அவங்க யாரு? சும்மா விவரம் கேக்கணும்னா பொம்பளைங்கள அவங்க குடியிருக்குற வீட்டுல வச்சு தான் போலீஸ் கேக்கணும். எழுத்துல நோட்டீஸ் வந்தா வக்கீலோட போங்க. பொழுது அடஞ்ச பிறகு விடியுற வரைக்கும் பெண்கள கைது பண்ணக்கூடாது, தவிர்க்க முடியாத கேஸ்ல பெண் போலீஸ் மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடச் சொன்னா, யாரு சொன்னாலும், போடாதீங்க.

குளச்சல்: வேலை பாக்குற வீட்டு முதலாளி தப்பா நடக்குதாரு, வெளிய சொல்ல பயமா இருக்கு.

2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல வீடும் வேலை செய்யுற எடம் தான், வீட்டு வேலைக்காரங்கன்னு தனியாவே சொல்லியிருக்கு. கலெக்டர் அமைக்குற உள்ளூர் குழுகிட்ட 3 மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், சரியான காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் தருவாங்க. எழுத வராதுன்னா எழுதித் தர வேண்டியது அவங்க பொறுப்பு. உங்க பேர வெளியிடக்கூடாது. அவசரம்னா பெண்கள் உதவி எண் 181-க்கு அடிங்க.

களியக்காவிளை: வீடு இங்க, வேலை திருவனந்தபுரத்துல. சம்பளப் பிரச்சனைன்னா எங்க போய் கேக்க?

வேலை நடந்த எடத்துல தான், அதாவது கேரளா தொழிலாளர் துறை. அங்கயும் வீட்டு வேலைக்கு குறைஞ்சபட்ச கூலி உண்டு.

தங்கச்சிக்கு 27 வயசு, பத்தாங் கிளாஸ் பாஸ் ஆகல. குவைத்துக்கு விசிட் விசால போயிட்டு அங்க வேலைக்கு மாத்திக்கலாம்னு ஏஜண்ட் சொல்லுதான்.

அனுப்பிராதீங்க மக்கா! பத்து பாஸ் ஆகாதவங்களுக்கு குடுக்குறது இசிஆர் பாஸ்போர்ட், சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்னு அர்த்தம். அந்த பாஸ்போர்ட்ல 30 வயசுக்கு கீழ உள்ள பெண்கள வீட்டு வேலைக்கு அனுப்ப அனுமதியே கிடையாது, அத மறைக்கத்தான் விசிட் விசா. குவைத்துல 2015-லயே சட்டம் இருக்கு, வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்ட பிடுங்கி வைக்கக்கூடாதுன்னு எல்லாம். ஆனா வேலை விசாவும் ஒப்பந்தமும் இல்லாம போனவ அத எத காட்டிக் கேப்பா? 30 ஆன பிறகு போகணும்னா வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற, சென்னையில உள்ள தமிழ்நாடு அரசு நிறுவனம் ஓஎம்சிஎல் வழியா கேளுங்க, ஏஜண்ட் கைல பாஸ்போர்ட்ட குடுத்திருந்தா மொதல்ல அத திருப்பி வாங்குங்க.