வில்லும் விலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எனக்குக் கனடா வதிவிட விசா கிடைத்துவிட்டது. மாசியில் பிரம்டனில் இருக்கும் அத்தானிடம் போகிறேன். அவரோடு வேலை செய்பவர்கள் ஒக்டோபர் வந்தால் வில்லோடு மான் வேட்டைக்குப் போவார்களாம், என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். 500 டொலர் ஒதுக்கலாம். 60 இறாத்தல் கொம்பவுண்ட் வில்தான் வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வாங்கலாமா? இங்கே இருக்கும்போதே பழகலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, அந்த 60 இறாத்தலை முதலில் மறந்துவிடுங்கள். பிரம்டன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வில் விற்கும் கடையொன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது உவர்மலையில் வீட்டோடு இருப்பவன் நான். கடைக்கு வரும் இளம் பெடியன்கள் வாய் திறந்தால் முதலில் கேட்பது இழுவிசையை, அதாவது நாணை இழுக்க எத்தனை இறாத்தல் பலம் வேண்டும் என்பதைத்தான். பாரமான வில் ஒன்றைக் கையில் கொடுத்தால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். வில்லை வானத்துக்குத் தூக்குவார்கள், இடுப்பை வளைப்பார்கள், நாண் தாடைக்கு வந்து சேருமுன்னமே விரல் நழுவும். அப்படி இழுப்பவருக்கு முன்னால் எந்த மானும் நின்றுகொண்டிருக்காது.

அவர்களிடம் ஒரு கதிரையை நீட்டுவேன். உட்காருங்கள், இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்குங்கள், வில்லை இலக்குக்கு நேரே பிடித்தபடி மெல்ல இழுங்கள். கை ஆடாமல் தாடைவரை கொண்டுவந்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு மெல்லத் திருப்பிக் கொண்டுபோக முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் வில். முடியாவிட்டால் ஐந்து இறாத்தல் இறங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: அம்பு கோக்காத நாணை இழுத்துச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே அடிக்கும். நல்ல வில்கூட அந்த ஒரு அடியில் வெடித்துவிடலாம்.

கொம்பவுண்ட் வில் வீடியோவில் இலகுவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் அலன் 1966 இல் விண்ணப்பித்து 1969 இல் காப்புரிமை பெற்ற வில் அது. இரண்டு நுனியிலும் மையம் விலகிய சில்லு இருக்கும். இழுத்து முடிக்கும்போது அந்தச் சில்லு பாரத்தை வாங்கிக்கொள்ளும். பாரம் 80 வீதம் குறையும் வில்லென்றால் 60 இறாத்தலில் 12தான் கையில் நிற்கும். அருமையான பொருள், குறை சொல்லமாட்டேன். ஆனால் குறிபார்க்கும் கருவி, அம்பு தாங்கி, நாண் விடும் கொளுக்கி எல்லாம் சேர்த்து 500 டொலருக்குள் நல்லதாகப் புதிதாக வாங்குவது கஷ்டம்.

என் யோசனை, கழற்றிப் பூட்டும் ரிக்கேவ் வில், அதாவது நுனிகள் முன்புறம் வளைந்த, சில்லில்லாத வில். நடுவில் மரக் கைப்பிடி, மேலும் கீழும் திருகாணியால் பூட்டும் இரண்டு கைகள். சமிக் சேஜ் என்ற 62 அங்குல வில் இதில் பேர்போனது, அதே அமைப்பில் வேறு கம்பனி வில்களும் நிறைய உண்டு. கைகள் 25 இறாத்தலில் தொடங்கி 60 வரை தனித்தனியாகக் கிடைக்கும். இதில்தான் காசு மிச்சம். முதலில் 25 அல்லது 30 இறாத்தல் கைகளோடு வாங்கிப் பழகுங்கள். உடம்பு பழகிய பிறகு கைகளை மட்டும் மாற்றினால் போதும், கைப்பிடி அதேதான்.

எதற்கு மாற்றுவது? ஒன்ராறியோச் சட்டப்படி மானுக்குப் போகும் வில், 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுவையில் (நாணைப் பின்னுக்கு இழுக்கும் தூரம்தான் இழுவை) 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தலாவது காட்டவேண்டும். கரடிக்கும் மூஸ் எனும் பெரிய மானுக்கும் 22 கிலோ. இனி இந்தக் கணக்கைப் பாருங்கள். வில்லின் கையில் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுவைக்கானது. 700 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய 27 அரை அங்குலம்தான். ஒரு அங்குலம் குறைந்தால் இரண்டு, இரண்டரை இறாத்தல் குறையும். ஆகவே ‘40’ என்று எழுதிய கைகள் சட்டத்தின் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். வேட்டைக்கென்று வாங்கும் இரண்டாவது சோடி 45 ஆக இருக்கட்டும்.

உங்கள் இழுவையையும் அளந்துகொள்ளுங்கள். சுவரோடு சாய்ந்து இரண்டு கையையும் விரியுங்கள். நடுவிரல் நுனிக்கு நுனி அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் பிரியுங்கள். 67 அங்குலம் என்றால் இழுவை 27க்குக் கிட்ட வரும். எந்தக் கண் முந்துகிறது என்பதும் தெரியவேண்டும். டச்சுக்குடாக் கரையில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் சின்ன முக்கோணம் ஒன்று செய்து, அதற்குள் கோணேசர் மலை உச்சியைப் பிடியுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது உச்சி முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். வலது கண் என்றால் வலதுகையால் நாணை இழுக்கும் வில்லைக் கேளுங்கள். கடையில் அதைத்தான் வலதுகை வில் என்பார்கள், பிடிப்பது இடதுகையால்.

காசைப் பிரிக்கும்போது வில்லுக்கும் இரண்டாவது சோடிக் கைகளுக்கும் சேர்த்து 300 டொலரைத் தாண்டாதீர்கள். மிச்சம் அம்புக்கு, விரலுறைக்கு, முன்கைக் காப்புக்கு, இலக்குப் பைக்கு. நாண் ஏற்றும் கயிறு ஒன்றும் கட்டாயம் வாங்குங்கள். அது மலிவுதான், ஆனால் அதை விட்டுவிட்டு வில்லைக் காலுக்கிடையில் கொடுத்து வளைத்து நாண் ஏற்றி, கைகள் முறுகிப்போன வில்லைத் தூக்கிக்கொண்டு ‘இது குறி தப்புகிறது’ என்று கடைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

அம்பில் மிச்சம் பிடிக்கவேண்டாம். சுமாரான வில்லில் பொருந்திய அம்பு நேரே போகும், விலை கூடிய வில்லில் பொருந்தாத அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். காபன் அம்பின் தண்டில் 500, 600, 700 என்று எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்க வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதே அந்த எண். அங்குலத்தில் ஆயிரத்தில் 500 பங்கு வளைந்தால் 500. எண் ஏற ஏற அம்பு மெத்தெனும். 30 இறாத்தலுக்கு 600 அல்லது 700, 45க்கு 500 என்று தொடங்கலாம். முழு நீளமாகவே வாங்குங்கள். கடைக்காரர் வெட்டித் தருகிறேன் என்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். நீளத்தை எப்போதும் குறைக்கலாம், கூட்ட முடியாது. சட்டமும் 600 மில்லிமீற்றருக்குக் குறைந்த வேட்டை அம்பை விடாது. அம்புமுனை 22 மில்லிமீற்றராவது அகலமாக, இரண்டு கூரிய வெட்டு விளிம்பாவது உள்ளதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறை எய்யுமுன்னும் அம்பை விரலால் வளைத்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தம் கேளுங்கள். ‘கிறிக்’ என்றால் உடைத்து எறியுங்கள். வெடித்த காபன் நாரை உள்ளங்கையிலிருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

அங்கே வில்லுக்குத் துவக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, பரீட்சை சித்தியெய்தி, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற வேட்டை, மீன்பிடி அட்டை எடுத்த பிறகுதான் மான் அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவாசிக்குரிய கட்டணத்தில் அதை எடுக்கத் தொடர்ந்து ஆறு மாதம் அங்கே குடியிருந்திருக்கவும் வேண்டும். மாசியில் போய் இறங்கினால் ஆவணியில் அந்த ஆறு மாதம் சரி. அதற்குள் கழகம் ஒன்றில் சேர்ந்து பழகுங்கள். அத்தான் வீட்டுப் பின்வளவில் எய்யவேண்டாம், பல நகரசபைகள் அதற்கு விடுவதில்லை. 15 யாரில் எய்யும் அம்பெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும்வரை காட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒக்டோபருக்குள் அது வராவிட்டால் முதல் வருடம் அத்தானின் கூட்டாளிகளோடு சும்மா போய் மரத்தடியில் இருந்து பாருங்கள், அதுவும் படிப்புத்தான்.

இங்கே பழகுவதா? சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் தோள்பட்டை எலும்பு இரண்டும் கிட்ட வரும்படி இழுங்கள். காலையில் உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறார்களே, அவர்களோடு கயிற்றில் ஒரு கை கொடுத்தாலும் அதே முதுகுத் தசைதான் வேலை செய்யும், மீனும் கிடைக்கும்.

கேள்வி: ஸ்காபரோவில் ஒருவர் பழைய கொம்பவுண்ட் வில்லை 250 டொலருக்குத் தருகிறார். எட்டு வருடம் பாவித்ததாம். நல்ல விலையா?
– மூதூர்க்காரர், இப்போது ஸ்காபரோவில்

பதில்: அவருக்கும் உங்களுக்கும் கை நீளம் ஒன்றா என்று முதலில் கேளுங்கள். கொம்பவுண்ட் வில்லின் இழுவை சில்லோடு தீர்மானமானது. சிலவற்றில் மாற்றலாம், சிலவற்றுக்கு வேறு சில்லு வாங்கவேண்டும். அந்த மொடலுக்குச் சில்லு கிடைக்காவிட்டால் வில் சுவரில் தொங்கத்தான் உதவும்.

போகும்போது கொஞ்சம் பஞ்சு கொண்டுபோங்கள். வில்லின் கைகளின் விளிம்பில், மேலிருந்து கீழாக, மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் பஞ்சு நார் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் ‘நன்றி அண்ணை’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், பேரம் பேசவே வேண்டாம். சில்லின் விளிம்பில் நெளிவு, வெட்டு இருக்கிறதா என்று நகத்தால் பாருங்கள். இருந்தால் யாரோ அம்பில்லாமல் நாணை விட்டிருக்கிறார்கள். நாணும் சில்லுகளை இணைக்கும் கேபிளும் பிசிறிப் பஞ்சாய் எழும்பியிருந்தால் மாற்றவேண்டும், அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் இயந்திரம் உள்ள கடைதான் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் 250 என்பது 250 ஆக நிற்காது. எட்டு வருடமும் பழைய நாண் என்றால் நான் 150க்கு மேல் கொடுக்கமாட்டேன்.

கேள்வி: பதினொரு வயது மகன் ஒலிம்பிக் பார்த்துவிட்டு வில் கேட்டு ஒரே கரைச்சல். ஈர்க்கிலும் மூங்கிலும் வைத்துத் தானே செய்கிறான். பயமாக இருக்கிறது.
– சாம்பல்தீவு வாசகி

பதில்: தங்கச்சி, அந்த ஈர்க்கு அம்புதான் ஆபத்து, கண்ணுக்குப் போனால் போனதுதான். அதைவிட 15 இறாத்தல் அளவில் ஒரு பயிற்சி வில்லும் முனை மழுங்கிய அம்பும் நல்லது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும், எய்பவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, எல்லோரும் எய்து முடித்த பிறகே அம்பு பொறுக்கப் போகவேண்டும். ஒலிம்பிக்கில் எய்வது 70 மீற்றருக்கு. மகனுக்கு ஐந்து மீற்றரில் சாக்குப் பை ஒன்று காணும். வில் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பாரம் கூடாமல் பாருங்கள், வளரும் தோள்.

கேள்வி: தம்பலகாமத்தில் வயல். பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. மானும் வருகிறது. வில்லால் அடிக்கலாமா?
– விவசாயி ஒருவர்

பதில்: மானையும் மரையையும் தொடவே வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன சீவராசிகள், தாவரவியல் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, இறைச்சி வைத்திருந்தாலும் வழக்குத்தான். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் ஆளுக்கு அருகில் வந்து நிற்கிறதே என்று எண்ணிவிடாதீர்கள், அதுவும் அதே சட்டத்துக்குள்தான். பன்றியைப் பழகாத கையால் வில்லெடுத்து அடித்தால் அது சாகாது, காயத்தோடு பற்றைக்குள் படுத்திருக்கும், அடுத்தநாள் விடிய அந்தப் பக்கம் தண்ணீர் கட்டப் போகிறவர்தான் அகப்படுவார். வேலியை அடியில் இறுக்கிக் கட்டுங்கள், பன்றி மேலால் பாய்வதைவிடக் கீழால் கிண்டித்தான் வரும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் கட்டுங்கள். உங்களுடையதை மட்டும் கட்டினால் பன்றி அவருடைய வயலுக்குப் போகும், பிறகு அவர் உங்களோடு கதைக்கமாட்டார்.