கம்பிரியாவின் ஆடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல உரையாடல் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கதிரியக்கம் போன்ற விஷயங்களில் தெரிந்தவர் எளிய மொழியில் சொன்னால் போதாதா? உரையாடல் என்ற பெயரில் வதந்திக்கு அல்லவா இடம் கொடுக்கிறோம்?

ஒரு பள்ளி ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எளிய மொழி அவசியம்தான். ஆனால், சொல்ல வருபவருக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் முதலிலேயே முடிவுசெய்துவிடுகிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதிரியக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே தொடக்கத்தில் பெய்த கனமழையோடு, அதிலிருந்து கிளம்பிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் இறங்கியது. ஜூனில் அங்கே செம்மறி ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை வந்தது. மூன்று வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள் அரசு விஞ்ஞானிகள். களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறவிடாது என்பது அவர்கள் கணக்கு. கம்பிரியாவின் மலைமண்ணோ மக்கிய தாவரங்களால் ஆனது, அமிலத்தன்மை மிக்கது. அதில் சீசியம் புல்லுக்கு ஏறி, ஆட்டுக்குள் போய், புழுக்கை வழியாக மறுபடி மண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012இல்!

லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் பேசி எழுதியவற்றை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். பென்டோனைட் களிமண்ணைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று பார்ப்பதற்காக, வேலியிட்ட துண்டு நிலங்களில் விஞ்ஞானிகள் ஆடுகளை விட்டார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகியவை, அடைத்துவைத்தால் இளைத்துப்போகும் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பின்னர் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. மலைப்புல்லுக்குப் பதிலாக வைக்கோல் போடலாமே என்று ஒரு நிபுணர் யோசனை சொன்னாராம். மலையாடு வைக்கோலை ஏறிட்டும் பார்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சீசியத்தின் அரையாயுளை, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலத்தை, யாரும் பேசி மாற்றச் சொல்லவில்லை. ஆட்டைப் பற்றி ஆடு வளர்ப்பவரிடம் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

வதந்தி பற்றிக் கேட்டீர்கள். பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு வளாகம் இருக்கிறது. 1957இல் அங்கே ஓர் உலை தீப்பிடித்ததை விவசாயிகள் மறக்கவில்லை. செர்னோபிலுக்கு முன்பே எங்கள் மலையில் எவ்வளவு சீசியம் இருந்தது, அந்த அளவீடுகளைக் காட்டுங்கள் என்றார்கள். இதை எப்படி வதந்தி என்று ஒதுக்குவது? உங்கள் வகுப்பில் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டால் மகிழ்ந்துபோக மாட்டீர்களா?