பையன் ஐஸ் ஹாக்கி என்கிறான், அம்மா எஸ்.பி.எம். என்கிறார்

செந்தூல் அக்காவுக்கு வணக்கம். "ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகன், பேரங்காடிக்குள்ளே ஐஸில் சறுக்கிவிட்டு ஐஸ் ஹாக்கியில் நாட்டுக்கு ஆடுவேன் என்கிறான், சிரிப்பதா அழுவதா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். ஆடுகிறவர்கள் குறைவு, நாட்டுக்கு ஆடிவிடலாம், அதையே வேலையாக்கிக்கொள்ளலாம் என்று அவன் போடும் கணக்கில் பாதி சரி.

காற்பந்து என்றால் ஓர் இடத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டி. ஐஸ் ஹாக்கிக்கு நம் நாட்டில் இருக்கிற திடல்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆடுகிறவர்களும் கொஞ்சம்தான். ஐஸில் ஒரு நேரத்தில் ஆறு பேர்தான் என்றாலும், முக்கால் நிமிடம் ஆடினாலே மூச்சு வாங்கும். ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் உலகப் போட்டிக்கு ஓர் அணி இருபது பேருக்கு மேலும் கூட்டிப்போகலாம், கோல்கீப்பர்களும் ஒருவருக்கு மேல் இருப்பார்கள். உங்கள் மகன் கோல்கீப்பராக நிற்கத் தயார் என்றால் வரிசை இன்னும் குட்டை!

பனி பெய்யாத ஊர் என்பதும் சாக்கு இல்லை. 2017இல் நம் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய சீ விளையாட்டில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றது. தங்கம் வாங்கியது பிலிப்பைன்ஸ், இறுதியாட்டத்தில் தோற்றது தாய்லாந்து. சன்வே பிரமிட் பேரங்காடியின் ஐஸ் திடலில் சறுக்கக் கற்ற ஜூலியன் யீ 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் நின்றார். அவர் ஆடியது ஃபிகர் ஸ்கேட்டிங், ஆனாலும் ஐஸ் அதே ஐஸ்தான்.

தேசிய அணிக்குப் போகும் பாதை திடலில் பயிற்சி எடுக்கும் கிளப்பில் ஆரம்பிக்கும். அங்கே தொடர்ந்து ஆட வேண்டும், வயதுப் பிரிவுப் போட்டிகளில் கண்ணில் பட வேண்டும், அப்புறம்தான் நாட்டின் ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் தேர்வு. மலேசியா 2006இலேயே அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் உறுப்பினராகிவிட்டது. அதன் போட்டிகளில் ஆட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு நல்ல ஆட்டக்காரப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இழுபறி இருந்தால் ஸ்கேட்ஸ் வாங்குவதற்கு முன் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

அவன் கணக்கின் மறுபாதிதான் இடிக்கிறது. இங்கே சம்பளம் தரும் தொழில்முறை லீக் கிடையாது. நாட்டுக்கு ஆடினாலும் திங்கட்கிழமை வேலைக்கோ வகுப்புக்கோ போயாக வேண்டும். அதனால் இதை வேலையாக நினைக்காமல் புறப்பாட நடவடிக்கையாக வைத்துப் பாருங்கள். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்குத்தான். சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விளையாட்டு அறிவியலோ இயன்முறை மருத்துவமோ படிக்க அவனுக்கு ஆசை வந்தால் ஐஸில் கழித்த வருடங்கள் வீணாகாது. ஆனால் அதற்கும் எஸ்.பி.எம். அறிவியல் பாடங்கள் வேண்டுமே.

உண்மையான சிக்கல் இரவுதான். பொதுமக்கள் சறுக்கும் நேரம் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அணிகளுக்கு ஐஸ் கிடைக்கும். செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கி பிஆர்டி விரைவுப் பேருந்து பிடித்து சன்வே பிரமிட் திடலுக்குப் போய்விடலாம். பயிற்சி முடிந்து திரும்ப ரயில் இருக்காது. யார் அழைத்து வருவது, மறுநாள் காலை கூடுதல் கணிதத்துக்கு யார் எழுப்புவது? இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். வாரம் ஓர் இரவு போதும், மூன்றாம் படிவத்து மதிப்பெண்ணை விடக் கீழே போனால் நிறுத்தம் என்று அவனையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

புது ஸ்கேட்ஸ் வாங்காதீர்கள், கால் வளர்கிற வயது. பழசு கேட்டுப் பாருங்கள், கிளப்பில் யாராவது வைத்திருப்பார்கள். தலைக்கவசம் மட்டும் முகக் கம்பியோடு நல்லதாக இருக்கட்டும். கையுறையைப் பைக்குள் போட்டு மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் வாசல் வரை நாறும், வெளியே காயப் போடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு நீங்களும் ஒரு தடவை போய் உட்காருங்கள், அக்கா. சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இவன் சொன்ன நேரத்துக்கு வருகிறானா?"