வினைச்சொல்லைப் பிடியுங்கள்

கேள்வி: ஆக்சுவரி (காப்பீடு போன்றவற்றில் நிதி இடரைக் கணக்கிடும் வல்லுநர்) தேர்வில் பாடம் தெரிந்தும் விரிவான விடைகளில் மதிப்பெண் குறைகிறது. தேர்வாளர் என்ன எதிர்பார்க்கிறார்?

பதில்: முதலில் கேள்வியிலுள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். 'லிஸ்ட்' என்றால் பெயர்கள் போதும். 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். 'டிஸ்கஸ்' என்றால் சாதகம், பாதகம் இரண்டும். 6 மதிப்பெண்ணுக்கு ஒரே கருத்தைப் பக்கம் முழுக்க நீட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கருத்துக்கு அரை மதிப்பெண் என்றே வைத்துக்கொண்டு, தனித்தனிக் கருத்துகளாக 10, 12 எழுதுங்கள்.

கேள்வியில் வரும் விவரம் எதுவும் சும்மா வராது. 'புதிதாகத் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம்' என்றிருக்கிறதா? சொந்த இழப்பீட்டுத் தரவு இருக்காது, தொடக்கச் செலவு அதிகம், மறுகாப்பீடு (காப்பீட்டு நிறுவனம் தனக்கே எடுக்கும் காப்பீடு) கூடுதலாகத் தேவைப்படலாம் என்று அந்த ஒரு தொடரிலிருந்தே மூன்று கருத்து கிடைக்கும். பாடநூல் பட்டியலை அப்படியே கொட்டினால் இவை விடுபட்டுப்போகும்.